இன்ஸ்டா பார்த்து சஸ்டைனபிள் ஃபேஷன் கற்றுக்கொள்ள முடியுமா?

பருத்திப்பூ:
ஆறு மாதமாக இன்ஸ்டாகிராமில் சஸ்டைனபிள் ஃபேஷன், அதாவது சுற்றுச்சூழலை அதிகம் கெடுக்காத உடை, பற்றிய பக்கங்களைத் தேடித் தேடி ஃபாலோ செய்கிறேன். ஆர்கானிக் காட்டன், மூங்கில் துணி, பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த டிஷர்ட், எதைத் திறந்தாலும் ஒரு பச்சை இலை. போன மாதம் மூங்கில் துணி என்று 1,800 ரூபாய்க்கு ஒரு குர்தி வாங்கினேன். வந்த பிறகு உள்ளே தைத்திருந்த சின்ன லேபிளைப் பார்த்தால் விஸ்கோஸ் என்று போட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா, இல்லை இரண்டும் ஒன்றுதானா? இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இந்தப் பக்கங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அதிகமாகத் துணி வாங்குகிறேன்.

பனியன்காரன்:
திருப்பூரில் பதினான்கு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, துணி ஆர்டர்களைக் கவனிப்பது. மூங்கில் என்று விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ்தான். மூங்கில் கூழை காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு போட்டுக் கரைத்து இழையாக்குகிறார்கள், முடிவில் கையில் இருப்பது ரேயான், விஸ்கோஸ் அதில் ஒரு வகை. அமெரிக்காவில் 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய கடை நிறுவனங்களும் இப்படி ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக இரண்டும் சேர்த்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

ஆர்கானிக் என்று சொன்னால் ஜி.ஓ.டி.எஸ். (ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச் சான்று) லேபிளைக் கேளுங்கள். அதில் உரிம எண் இருக்கும், அவர்கள் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். போஸ்டில் லோகோ மட்டும் இருந்தால் அது வெறும் படம்.

ஆனால் எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ரீல்ஸில் எல்லோரும் நூலைப் பற்றியே பேசுகிறார்கள், சாயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். அந்த உப்புத் தண்ணீர்தான் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை ஆர்.ஓ.வில் விட்டுத் தண்ணீரையும் உப்பையும் மீட்கும் முறை இங்கே கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது, அதற்குச் செலவு கொஞ்சநஞ்சமில்லை. அதனால் கமெண்டில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சாயம் எங்கே போட்டீர்கள்?

பழையபெட்டி:
பனியன்காரன் சொல்வது சரி, தைத்தவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். 2013-ல் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு, "என் துணியைத் தைத்தது யார்" என்று ஹேஷ்டேக் போட்டு பிராண்டுகளைக் கேட்கிற வழக்கம் வந்தது. நானும் ஒரு பிராண்டைக் கேட்டேன், பதிலுக்கு ஒரு இதயம் அனுப்பினார்கள்.

அதிகம் வாங்குவதற்கு என் வைத்தியம்: தள்ளுபடி கூப்பன் தருகிற பக்கங்களை மியூட் செய்துவிட்டு, கிழிசல் தைக்கக் கற்றுத் தருபவர்களை ஃபாலோ செய்தேன். இப்போது ஃபீடே மாறிவிட்டது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் இரண்டு குர்தி தைத்தேன், ஒன்றின் கழுத்து கோணல், அது வேறு கதை.

சும்மாஒருவன்:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? வாங்காமல் இருங்கள், முடிந்தது.

பனியன்காரன்:
சகோ, எல்லோரும் வாங்காமல் இருந்தால் எங்கள் ஊரில் அடுப்பு எரியாது. குறைவாக வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் கொடுங்கள். 150 ரூபாய்க்கு டிஷர்ட் கேட்டால் அந்த விலை யாராவது ஒருத்தர் கூலியிலிருந்துதான் குறைகிறது.

பருத்திப்பூ:
குர்தி விற்ற பக்கத்தில் போய்ச் சாயம் எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் கமெண்டைக் காணோம். சரி, குர்தி இருக்கட்டும், பக்கத்தை அன்ஃபாலோ செய்துவிட்டேன். பழையபெட்டி அக்கா, ஜீன்ஸ் முட்டியில் கிழிந்ததைக் கையாலேயே தைக்க முடியுமா, மெஷின் வேண்டுமா?