இழுவை வாகனம் சொந்தமாக இல்லை: ட்ரெயிலர் படகைச் சிம்கோ ஏரியிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடாவுக்கும் கிங்ஸ்ரனுக்கும் நகர்த்துவது எப்படி?

தென்றல்23 கேட்டது:

ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் நான், சென்ற இலையுதிர் காலத்தில் 23 அடி நீளமான பாய்மரப் படகொன்றை அதன் ட்ரெயிலருடன் சேர்த்து வாங்கினேன். படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் தகடான கீலை மேலே உயர்த்திக்கொள்ளலாம் என்பதால் சாய்தளத்தில் இறக்குவது கடினமல்ல. படகு, மோட்டர், ட்ரெயிலர் யாவும் சேர்ந்து ஏறத்தாழ 1,900 கிலோ இருக்கும் என்று விற்றவர் சொன்னார். இப்போது அது ஒறில்லியாவுக்கு அருகே ஒரு மரீனாவின் முற்றத்தில் நிற்கிறது.

என்னுடையது சிறிய மின்சாரக் கார்; எதையும் இழுக்கக் கூடாது என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆண்டில் சில நாள் தேவைக்காக ஒரு பிக்கப் வாங்கி, மாதந்தோறும் அதற்குக் காப்புறுதியும் தரிப்பிடக் கட்டணமும் கட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒரே ஏரியைச் சுற்றிச் சுற்றி வருவதற்காக நான் ட்ரெயிலர் படகை வாங்கவில்லை. ஜூன் மாதத்தைச் சிம்கோ ஏரியில் கழித்து, ஜூலையில் ஜோர்ஜியன் விரிகுடாவுக்குச் சென்று போசொலே தீவுப் பக்கம் நங்கூரமிட்டு, ஓகஸ்ட் நடுப்பகுதியில் கிங்ஸ்ரனுக்கு மாறி ஆயிரம் தீவுகளைப் பார்க்க விரும்புகிறேன். பிக்கப் வாடகைக்கு எடுப்பதா, இழுத்துத் தருபவர்களை அமர்த்துவதா, எஸ்.யு.வி. வைத்திருக்கும் நண்பரைக் கேட்பதா? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுக்கான்பிடி எழுதியது:

இழுப்பவரைத் தேடுவதற்கு முன் ட்ரெயிலரைப் பாருங்கள் ஐயா. எந்த வாகனம் வந்தாலும் 401 நெடுஞ்சாலையில் ஓடப்போவது உங்கள் ட்ரெயிலரின் ரயர்கள்தான்.

ரயரின் பக்கவாட்டில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3218 என்று இருந்தால் 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். படகு ட்ரெயிலரின் ரயர்கள் ஓடித் தேய்வதை விட, நின்ற இடத்திலேயே வெயிலில் வெடித்துப் பழுதாவதே அதிகம் என்பதால், மேற்பரப்பின் பள்ளங்கள் புதிதுபோல் தெரிந்தாலும் ஆறு ஆண்டுகளைத் தாண்டியவற்றை நான் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன். அடுத்தது சக்கரக் குடத்தில் உள்ள பெயாரிங். ஓடிச் சூடான குடத்தை உடனே குளிர்ந்த நீரில் இறக்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரமாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நீர் கிரீஸைப் பால்நிறமாக்கி, குளிர்காலம் முழுவதும் இருந்து துருவை வளர்க்கும். குடத்தின் மூடியைத் திறந்து கிரீஸின் நிறத்தைப் பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும். பயணம் தொடங்கி அரை மணி நேரத்தில் வண்டியை நிறுத்தி ஒவ்வொரு குடத்திலும் கை வைத்துப் பார்க்கும்படி சாரதியிடம் சொல்லுங்கள்; கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் மேற்கொண்டு ஓடக் கூடாது.

மூன்றாவது பிரேக். மொத்த நிறை 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்கு ஒன்ராறியோவில் பிரேக் கட்டாயம் என்பதால் உங்களுடையதில் நிச்சயம் இருக்க வேண்டும். ஆனால் அது எந்த வகை என்பதே நீங்கள் எந்த வாகனத்தைத் தேடலாம் என்பதைத் தீர்மானிக்கும். மின்சார பிரேக் என்றால் இழுக்கும் வாகனத்தினுள் அதற்கான கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். வாடகை பிக்கப்களில் பெரும்பாலும் அது இருக்காது. இழுக்கும் வாகனம் வேகத்தைக் குறைக்கும்போது ட்ரெயிலரின் முன்தலை பின்னோக்கி அழுந்தித் தானாகவே இயங்கும் ஹைட்ரோலிக் பிரேக் என்றால் அப்படிப்பட்ட கருவி எதுவும் தேவையில்லை. நீரில் இறங்கும் ட்ரெயிலர்களில் இந்த இரண்டாவது வகையே வழக்கம் என்றாலும் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கொக்கியின் குண்டு 2 அங்குலமா, 2 5/16 அங்குலமா என்பதையும், விளக்கு இணைப்பு நான்கு முனையா, ஏழு முனையா என்பதையும் அப்போதே குறித்து வையுங்கள். இந்த விவரங்கள் கையில் இல்லாமல் யாரிடமும் விலை கேட்பதில் பயனில்லை.

இழுத்துத் தருபவர்களில் இரு வகையினர் உள்ளனர். தாங்கிகளில் நிற்கும் படகைத் தமது ஹைட்ரோலிக் ட்ரெயிலரில் ஏற்றிச் செல்பவர்கள் பெரும்பாலும் பெரிய கீல் படகுகளுக்கானவர்கள், கட்டணமும் அதற்கேற்பவே இருக்கும். உங்கள் ட்ரெயிலரையே கொளுவிக்கொண்டு போகும் பிக்கப்காரர்களே உங்களுக்குப் பொருத்தம். அவர்கள் மே மாதத்திலும் ஒக்ரோபரிலும் தலை நிமிர நேரமில்லாமல் ஓடுவார்கள். கோடையின் நடுவில், வார நாளில், வேறொரு படகை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் பயணத்தில் உங்கள் வேலையைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால் விலை கணிசமாக இறங்கும். சரக்குக் காப்புறுதிச் சான்றிதழை எழுத்தில் கேளுங்கள், தயங்குபவரை விட்டுவிடுங்கள். விற்றவர் சொன்ன நிறையையும் நம்ப வேண்டாம். கல், மணல் விற்கும் களஞ்சியங்களில் பாரவூர்திகளை நிறுக்கும் தராசில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது நல்லது. சமையல் பாத்திரம், நங்கூரச் சங்கிலி, எரிபொருள், குடிநீர் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை எங்கோ கொண்டுபோய்விடும்.

நீங்களே பிக்கப் எடுத்து ஓட்ட விரும்பினாலும் உங்கள் சாதாரண ஜி அனுமதிப்பத்திரம் போதும். 4,600 கிலோவுக்கு உட்பட்ட ட்ரெயிலரை அதில் இழுக்கலாம்.

நீர்வழிப்போக்கன் எழுதியது:

சிம்கோவிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடாவுக்குப் போக ட்ரெயிலர் எதற்கு? ட்ரென்டனிலிருந்து போர்ட் செவேர்ன் வரை 386 கிலோமீட்டர் நீளும் ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழி உங்கள் மரீனாவின் வாசலாலேயே போகிறது. ஒறில்லியாவில் கூச்சிசிங் ஏரியைக் கடந்து வடக்கே சென்றால் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் லொக்குகளில் 42ஆம் இலக்கத்தில் தொடங்கி 45இல் முடியும் நான்கே தடைகள்தான். நிதானமாகப் போனால் இரண்டு பகல்.

அவற்றில் 44ஆவது, பிக் சூட் என்னும் இடத்தில், லொக்கே அல்ல, தண்டவாளம். நீருக்குள் இறங்கி நிற்கும் பெரிய மேடைவண்டிக்குள் நீங்கள் படகைச் செலுத்துகிறீர்கள். பணியாளர்கள் பட்டைகளை இறுக்கிப் படகைத் தாங்க வைக்கிறார்கள். பின்னர் வண்டி படகோடு கரையேறி, வாகனங்கள் போகும் வீதியைக் குறுக்கே கடந்து, 18 மீற்றர் அளவு கீழே உள்ள மறுபக்க நீரில் இறக்கிவிடுகிறது. இப்போதுள்ள வண்டி 1978இல் வந்தது. அங்கே சாதாரண லொக் கட்டாமல் விட்டதற்குக் காரணம், மீன்களின் உடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரே விரிகுடாவிலிருந்து உள்நாட்டு ஏரிகளுக்கு ஏறிவிடக் கூடாது என்ற அச்சமே. இழுவை வாகனம் இல்லை என்று கவலைப்படும் ஒருவருக்கு அரசாங்கமே ஒன்றை ஓட்டித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. நிலையான பாலங்களின் கீழ் இடைவெளி 6.7 மீற்றர்தான் என்பதால் பாய்மரத்தைச் சாய்த்துக் கட்டியே போக வேண்டும். நீரின் ஆழம் 1.5 மீற்றர் வரை அமிழும் படகுகளுக்கானது. கீலை உயர்த்திய உங்கள் படகுக்கு அது தாராளம். வெட்டிய கால்வாய்ப் பகுதிகளில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. லொக்குகள் மே நடுப்பகுதி முதல் ஒக்ரோபர் நன்றியறிதல் விடுமுறை வரை, பகல் நேரத்தில் மட்டுமே இயங்குகின்றன.

கிங்ஸ்ரனுக்கும் இதே நீர்வழியால் போகலாம். எதிர்த்திசையில் கேர்க்ஃபீல்ட், 1904இல் திறந்த பீற்றர்பரோ ஆகிய இரு தூக்கு லொக்குகளையும் தாண்டி ட்ரென்டனில் இறங்கி, குவின்டே குடாவால் கிழக்கே திரும்ப வேண்டும். படகைத் தொட்டி நீரோடு சேர்த்து 19.8 மீற்றர் தூக்கும் பீற்றர்பரோ லொக்கை வாழ்வில் ஒருமுறையாவது படகிலிருந்தபடி கடக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து புறப்பட்டால் இதற்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். உங்கள் விடுமுறைக்கு அது தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தென்றல்23 எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மரீனாவுக்குப் போய்ப் பார்த்தேன். முன்தலை பின்னோக்கி அழுந்தும் வகை பிரேக்தான். குண்டு 2 அங்குலம். ரயர்கள் 2014ஆம் ஆண்டுக்குரியவை, ஆகவே மாற்றப்போகிறேன். ஜூலைப் பயணத்தை நீர்வழியாகவே போக எண்ணுகிறேன். ஆனால் அப்படிப் போனால் ட்ரெயிலர் ஒறில்லியாவிலேயே நின்றுவிடுமே? ஓகஸ்டில் கிங்ஸ்ரனுக்கு வீதியால் போக அது விரிகுடாக் கரையிலுள்ள மிட்லண்டில் வேண்டும். நண்பரிடம் எரிபொருள் செலவும் ஒரு தொகையும் கொடுத்து எல்லாவற்றையும் அவரது எஸ்.யு.வி.யிலேயே முடித்துக்கொள்ளலாமா?

கணக்கர் எழுதியது:

வெறும் ட்ரெயிலரை நண்பர் இழுத்துத் தருவதில் பெரிய சிக்கல் இல்லை. படகோடு இழுப்பது வேறு விடயம். ஒன்ராறியோவில் வீதியில் ட்ரெயிலரால் பிறருக்கு ஏற்படும் சேதம், அதை இழுக்கும் வாகனத்தின் காப்புறுதியின் மீதே வந்து விழும். அதாவது ஆபத்து உங்களுடையதல்ல, நண்பருடையது. எரிபொருள் செலவுக்கு மேலாக ஒரு தொகை கை மாறினால், அது கூலிக்கு ஓட்டியது என்று காப்புறுதி நிறுவனம் வாதிட இடமுண்டு. படகுக்கு ஏற்படும் சேதம் உங்கள் படகுக் காப்புறுதியைச் சார்ந்தது; வீதிப் பயணம் அதில் அடங்குகிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாடகை பிக்கப் எடுப்பதாயின், சாதாரண கார் வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் எதையும் இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பின்னால் கொக்கி பூட்டியிருப்பதைப் பார்த்து அனுமதி இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் கார்க் காப்புறுதியில், வாடகை வாகனத்துக்கு ஏற்படும் சேதத்தையும் அடக்கும் ஓ.பி.சி.எஃப். 27 என்ற இணைப்பு இருந்தாலும், வாடகை ஒப்பந்தத்தை மீறி ஓட்டிய வாகனத்துக்கு அதைக் காட்டிப் பணம் பெறுவது எளிதல்ல.

மணற்றிட்டு எழுதியது:

மாற்றுக்கருத்து ஒன்று. இரண்டு இடத்துத் தரிப்புக் கட்டணம், இழுவைக் கூலி, புது ரயர் என்று கூட்டிப் பார்த்தால், படகைச் சிம்கோவிலேயே விட்டுவிட்டு கிங்ஸ்ரனில் ஒரு வாரத்துக்கு வாடகைப் படகு எடுப்பது மலிவாக முடியக்கூடும். காரில் போய் இறங்கினால் போதும். சொந்தப் படகில் போகும் மகிழ்ச்சி அதில் இராது என்பது உண்மைதான். ஆனாலும் கணக்குப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

சுக்கான்பிடி எழுதியது:

மணற்றிட்டு சொல்வது ஒரு கோடைக்குச் சரியாக இருக்கலாம். தென்றல் ஐயாவோ ஆண்டுதோறும் இடம் மாற விரும்புகிறவர்.

ட்ரெயிலர் பின்தங்கிவிடுகிறது என்பதற்கு நண்பரே தேவையில்லை. கூலிக்கு இழுப்பவர் பாரியிலிருந்தோ ஒறில்லியாவிலிருந்தோ புறப்படுபவராக இருந்தால், முற்றத்தில் நிற்கும் வெறும் ட்ரெயிலரைக் கொளுவிக்கொண்டு மிட்லண்டுக்கு வந்து, அங்கே மரீனாவின் தூக்கி படகை அதில் இருத்தியதும், அப்படியே கிங்ஸ்ரனுக்கு ஓடுவார். அவருக்கு இது ஒரே நாள் வேலை. முதல் நாளே பாய்மரத்தைச் சாய்த்து, சுக்கானையும் மோட்டரையும் கட்டி வைத்துவிடுங்கள். பாய்மரம் பின்னால் 1.5 மீற்றருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் நுனியில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். படகை நீரிலிருந்து எடுத்தவுடன் வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை முற்றாக வடித்து, ஒட்டியிருக்கும் களையையும் மட்டியையும் நீக்கிய பின்னரே வீதிக்கு ஏற்ற வேண்டும். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். இழுப்பவர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கிங்ஸ்ரனிலிருந்து படகை மீண்டும் ஒறில்லியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏன் எண்ணுகிறீர்கள்? இழுவை வாகனம் இல்லாதவருக்கு வீடு திரும்பும் பயணம்தான் வீண் செலவு. குளிர்காலத்துக்குக் கிங்ஸ்ரன் பக்கத்திலேயே ஒரு முற்றத்தில் நிறுத்திவிட்டால், அடுத்த கோடையை அங்கேயே தொடங்கி, 1832இல் திறந்த ரிடோ கால்வாயின் 202 கிலோமீட்டரையும் ஒட்டாவா வரை மெதுவாகப் போய் வரலாம். அதற்கடுத்த ஆண்டு ட்ரென்டனால் ஏறிச் சிம்கோவுக்கு நீரிலேயே வந்துவிடலாம். ட்ரெயிலரை மட்டும் வெறுமையாக யாரேனும் இழுத்து வந்தால் போதும். நல்ல முற்றங்கள் ஓகஸ்டுக்கு முன்னரே நிறைந்துவிடுவதால், ஜூலையில் விரிகுடாவுக்குப் புறப்படுவதற்கு முன் கிங்ஸ்ரனில் இரண்டு மூன்று இடங்களில் குளிர்கால இடத்துக்கு விலை கேட்டு வையுங்கள். ட்ரெயிலரோடு சேர்த்து எவ்வளவு நீளத்துக்குக் கட்டணம் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். சிலர் படகின் நீளத்துக்கும் சிலர் ட்ரெயிலரின் நுனி வரையும் கணக்கிடுவார்கள்.