24 செஷன் முடிஞ்சுது, பையன் இன்னும் கையைப் புடிச்சுத்தான் இழுக்கறான். அடுத்து என்ன பண்றது?

கோபி அம்மா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுக்கு. பையனுக்கு வர்ற ஆனியில 5 முடியுது. ஆட்டிசம்னு மூணு வயசுல சொன்னாங்க. பேச்சு இல்ல. "ம்மா"ன்னு ஒரு சத்தம் வரும், என்னைத்தான் கூப்புடறானான்னு சொல்லத் தெரியல. தண்ணி வேணும்னா என் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி குடத்து மூடி மேல என் கையை வெப்பான். அது எனக்குப் புரியுது. நான் இல்லாதப்ப என்ன பண்ணுவான்?

ஈரோட்டுல ஒரு பிரைவேட் சென்டர்ல சேத்தோம். 45 நிமிஷத்துக்கு 600 ரூவா. 24 செஷனுக்கு 14,400 முன்னாடியே வாங்கிட்டாங்க. பஸ்ல போக ஒண்ணேகால் மணி நேரம், வர அதே. என்னை உள்ள விட மாட்டாங்க. கதவைச் சாத்திருவாங்க, செருப்பு விடற இடத்துல ஒரு ஸ்டூல் கிடக்கும், அதுல உக்காந்திருப்பேன். முடிஞ்சு வந்தா "நல்லா கோ-ஆபரேட் பண்ணினான் மேடம்"னு ஒரு வரி. நோட்டுல "ஆ, ஊ, ம பழக்கவும்"னு எழுதியிருக்கும். எப்படிப் பழக்கறதுன்னு இருக்காது. இப்ப அடுத்த 24-க்குக் காசு கேக்கறாங்க. வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை, போன மாசமே கைமாத்து வாங்கித்தான் ஓட்டுனோம்.

படத்தைத் தொட்டா பேசற ஆப் இருக்குதாமேன்னு கேட்டேன். "அதைக் குடுத்தா சோம்பேறி ஆயிருவான், அப்புறம் பேச்சே வராது"ன்னுட்டாங்க. மாமியாரும் அதேதான் சொல்றாங்க. நிசமா அப்படி ஆகுமுங்களா? இந்த சென்டரையே தொடரட்டுமா, விடட்டுமா?

---

திருச்சிக்காரி:

தங்கச்சி, அந்த மாதிரி ஸ்டூல்ல நானும் ரெண்டு வருஷம் உட்கார்ந்தவதான். என் பொண்ணுக்கு இப்ப 11. வாயால பத்துப் பன்னெண்டு வார்த்தை வரும், மிச்சமெல்லாம் டேப்லெட்தான்.

மொத்தமா பணம் கட்டாதீங்க. போறதை நிறுத்தச் சொல்லல. "நான் உள்ள இருக்கணும், கடைசி பத்து நிமிஷம் நான் பையனோட பண்றதை நீங்க பார்த்துத் திருத்தணும்"னு கேளுங்க. சரின்னா அன்னன்னைக்குக் காசு குடுத்துப் போங்க. முகத்தைச் சுளிச்சா வேற ஆள் பாருங்க. வாரத்துல ரெண்டு நாள் முக்கா மணி நேரம் அவங்ககிட்ட இருக்கான், மிச்ச நேரம் பூரா உங்ககிட்டத்தானே இருக்கான்? கத்துக்க வேண்டியது முதல்ல நீங்க.

நான் கடைசியா மாறிப் போனவங்க மாசத்துக்கு ரெண்டே தடவைதான் வரச் சொன்னாங்க, தடவைக்கு 900. கேட்டதும் தலை சுத்திச்சு. அப்புறம் கணக்குப் போட்டா, முன்ன மாசம் எட்டுத் தடவை 500, 500-ன்னு குடுத்ததுல பாதிகூட வரல.

அவங்க எடுத்ததும் ஆப் குடுக்கல. தொட்டுக் காட்டற படச் சீட்டுதான். அராசாக்னு ஸ்பெயின்ல அரகோன் அரசாங்கம் ஆயிரக்கணக்குல படம் வரைஞ்சு இலவசமா போட்டு வெச்சிருக்கு, அதுலருந்து பிரிண்ட் எடுத்தோம். எங்க வீட்டு சொம்பு, அவ போர்வை, மாடிப்படி, இதெல்லாம் நானே போன்ல எடுத்தது.

ஒண்ணு சொல்லணும், இன்னும் ஆறல எனக்கு. முதல் சென்டர்ல, சீட்டை வரிசையா ஒட்டி வாக்கியம் ஆக்கற இங்கிலீஷ் பட்டையை அப்படியே தமிழாக்கிக் குடுத்தாங்க: "நான்", "வேணும்", "தோசை"ன்னு வரிசை. யார் வீட்ல அப்படிப் பேசறாங்க? இவ "வேணும்" சீட்டை உரிச்சு உரிச்சுக் கடைசியில ஒட்டுவா. அவங்க "தப்பு"ன்னு எடுத்து நடுவுல வெப்பாங்க. ரெண்டு மாசம் இந்தக் கூத்து. பேசாத புள்ள சரியான தமிழ் சொல்லியிருக்கா, படிச்சவங்க திருத்திக்கிட்டிருந்தாங்க! நீங்க சீட்டு ஒட்டற அட்டையில பொருள் இடது பக்கம், வேணும், வேண்டாம், போதும், இன்னும், குடு, வா எல்லாம் வலது பக்கம். "நான்" இப்போதைக்கு வேண்டாம்.

"வேண்டாம்", "போதும்" ரெண்டும் முதல் நாளே இருக்கணும். வெறும் தீனிச் சீட்டா போட்டா புள்ளைக்கு அது கடை மெனு மாதிரிதான். அவன் தொடுவான்னு காத்திருக்காதீங்க, நீங்க தொடுங்க. "தண்ணி வேணுமா"ன்னு கேக்கும்போதே தண்ணி, வேணும் ரெண்டையும் தொட்டுக்கிட்டே கேளுங்க. நாலு மாசம் நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி தொட்டுக்கிட்டிருந்தேன். அஞ்சாவது மாசம் முடி வெட்டற கடையில கத்தறதுக்குப் பதிலா அவ "போதும்"மைத் தொட்டா. பாதி வெட்டோட வீட்டுக்கு வந்தோம். போதும்னா போதும்தானே.

ஆப்னா ஆவாஸ்னு ஒண்ணு, சென்னையில உருவானது, தமிழ் இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி இலவசமா பார்க்கலாம். இயந்திரக் குரல் "எனக்குத் தண்ணீர் வேண்டும்"னு ரேடியோ செய்தி மாதிரி சொல்லும். எங்க நாத்தனார் பொண்ணு குரல்ல "தண்ணி வேணும்"னு பதிவு பண்ணி வெச்சோம். அதுக்கப்புறம்தான் இவ அதைத் தன்னோடதுன்னு எடுத்துக்கிட்டா.

---

பேச்சு சிகிச்சையாளர், மதுரை:

அம்மா, முதல்ல ஒரு கேள்வி. காது பரிசோதனை எடுத்தீங்களா? கூப்பிட்டா திரும்பலைங்கறதை ஆட்டிசம்னு எழுதிட்டு, காதைப் பார்க்காமலே விட்ட பிள்ளைகள் என்கிட்ட வந்திருக்காங்க. ஓஏஇ, பெரான்னு காது கேக்குதான்னு மெஷின் வெச்சுப் பார்க்கற ரெண்டு சோதனை, அது ரெண்டும் எடுத்த காகிதம் இல்லைன்னா வேற எதுக்கும் முன்னாடி அதை எடுங்க. பெராவுக்குப் பிள்ளை தூங்கணும், அதனால முந்தின நாள் ராத்திரி லேட்டா படுக்க வைங்க.

சோம்பேறி ஆயிடுவான்கிறது தப்பு. இதை ஆராய்ஞ்ச கட்டுரைகளைத் தொகுத்து 2006-ல ஒரு அலசல் வந்தது. அதுல 27 பேர்ல ஒருத்தருக்குக்கூட இருந்த பேச்சு குறையல, 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. எண்ணிக்கை சின்னது, கூடினதும் பெரிய அளவு இல்லை, அதையும் சொல்லிடறேன். ஆப் வந்தா பேச்சு வந்துடும்னு யாராவது உறுதி குடுத்தா அதையும் நம்பாதீங்க. பேச்சு வர்ற வரைக்கும் பிள்ளை வாயடைச்சுக் காத்திருக்கக் கூடாதுங்கறதுதான் விஷயம்.

சிகிச்சையாளர் யாராயிருந்தாலும் ஆர்சிஐ பதிவு எண் கேளுங்க. இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணினவங்கதான் இந்த வேலை செய்யணும்னு 1992 சட்டமே இருக்கு. நாலு வருஷப் படிப்பு இது. ஆறு மாச சர்டிபிகேட்டோட போர்டு மாட்டினவங்களும் இதே 600 வாங்கறாங்க.

உங்க பக்கத்துலயே பெருந்துறை மெடிக்கல் காலேஜ் இருக்கு. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம், அதாவது பிள்ளைகளோட வளர்ச்சிக் குறையைச் சின்ன வயசுலயே பார்க்கற அரசு மையம், எங்கேன்னு அங்க விசாரிங்க, காசு கிடையாது. கூட்டம் இருக்கும். இன்னொண்ணு, நீங்க இருக்கற இடத்துக்கு மைசூரு தூரமே இல்லை. சத்தி, திம்பம், சாம்ராஜ்நகர் வழி. அங்க 1965-லருந்து அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கு, மத்திய அரசோடது. படம் வெச்சுத் தொடர்பு கொள்றதுக்குன்னே தனிப் பிரிவு உண்டு. ஒரு தடவை போய் முழு மதிப்பீடு எடுத்துட்டு வந்தீங்கன்னா உள்ளூர்ல யார்கிட்ட போனாலும் அதைக் காட்டலாம். திம்பம் மலைப்பாதையில ராத்திரி வண்டி விடமாட்டாங்க, அதுக்குத் தகுந்த மாதிரி கிளம்புங்க.

---

வரி ரசீது அப்பா:

மேடம், சிகிச்சை பத்தி மேல சொல்லிட்டாங்க, நான் காகிதம் மட்டும். யுடிஐடி அட்டை, அதான் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை, வாங்கியாச்சா? இல்லைன்னா இன்னைக்கே ஆரம்பிங்க, மிச்சமெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். அடுத்து மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டோட நிராமயா மருத்துவக் காப்பீடு. வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், ஆட்டிசம் அதுல உண்டு, வெளிநோயாளியா எடுக்கற தெரபிக்கும் ஒரு உச்சவரம்புக்குள்ள கிடைக்கும். கட்டிட்டு அப்புறம் திரும்ப வாங்கறதுதான், அதனால பில் முக்கியம். உங்க 14,400-க்கு என்ன குடுத்தாங்க? துண்டுச் சீட்டா? தேதி, பதிவு எண், கையெழுத்து, சீல் வெச்ச ரசீது கேட்டு வாங்குங்க. நான் ஒரு வருஷ பில்லை இப்படித்தான் கோட்டை விட்டேன்.

உங்க வீட்டு சார் பழைய வரி முறையில இருந்தா, மாற்றுத்திறனாளி பிள்ளைக்காக 80டிடி-ன்னு சொல்ற வரிக் கழிவுல வருமானத்துலருந்து 75,000 கழிக்கலாம், குறைபாடு 80 சதவீதமும் அதுக்கு மேலயும்னா 1,25,000. செலவு எவ்வளவுன்னு பில் பார்க்க மாட்டாங்க, சான்றிதழ் போதும்.

---

கோபி அம்மா:

ஒன்றரை மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. பெரா எடுத்தாச்சு, காது நல்லா இருக்குது. சென்டர்ல உள்ள விடுங்கன்னு கேட்டேன், "ரூல்ஸ் இல்ல"ன்னுட்டாங்க, விட்டுட்டோம். ரசீதும் வரல. யுடிஐடிக்கு எழுதிக் குடுத்திருக்கோம். அறுவடை முடிஞ்சதும் மைசூரு.

அக்கா, எட்டுச் சீட்டு போட்டேன். இவன் பத்து நாள் கடிச்சுப் போட்டான். போன வியாழக்கிழமை என் மாமியார் ரசஞ்சோறு ஊட்டிட்டு இருந்தாங்க. இவன் எந்திரிச்சுப் போயி "போதும்" சீட்டைப் பிச்சுட்டு வந்து அவங்க கையில வெச்சான். "இன்னும் ஒரு வாயி சாமி"ன்னு ஊட்டப் போனாங்க. சீட்டை எடுத்து மறுபடி வெச்சு அமுக்கினான், கையோட சேத்து. அவங்க தட்டைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் பேசல. ராத்திரி வந்து, "எல்லாத்துக்கும் படம் வெச்சிருக்கற, அப்பத்தாவுக்கு எங்க?"ன்னு கேட்டாங்க.

இப்ப ஒரே தொந்தரவு, குடத்துக்கிட்ட வெச்ச சீட்டுல ஓரமா தண்ணி ஏறி உப்பிப் போச்சு. லேமினேஷன் பண்ணித்தான் வெச்சேன். நீங்க எப்படிப் பண்றீங்க?

---

திருச்சிக்காரி:

பெரிய தாளா லேமினேட் பண்ணிட்டு அப்புறம் வெட்டியிருப்பீங்க. முதல்ல படத்தை வெட்டுங்க, இடைவெளி விட்டுப் பரப்பி லேமினேட் போடுங்க, சுத்தி கால் அங்குலம் வெறும் பிளாஸ்டிக் நிக்கற மாதிரி கத்தரிங்க. முனையை வட்டமா வெட்டுங்க, இல்லைன்னா கண்ணுல குத்தும். அப்பத்தா படத்துக்கு ரெண்டு காப்பி எடுத்துக்கோங்க, அதுதான் முதல்ல கிழியும்.