ஆயுத பூஜைக்கு எந்த வண்டிக்கு மாலை?

குழு: அப்பத்தா வீடு, போடி
3 அக்டோபர் 2024, வியாழன்

கதிர்: புக் பண்ணியாச்சு! மகிந்திரா தார் ராக்ஸ், டீசல், ஃபோர் வீல் டிரைவ். 21,000 கட்டிவிட்டேன்

மீனா: கலர்

கதிர்: கறுப்பு

வசந்தா அத்தை: முதல் வண்டியைக் கறுப்பிலா எடுப்பார்கள்?

கதிர்: இந்த வண்டிக்குக் கறுப்புதான் அத்தை எடுப்பு. காலை 11 மணிக்குத்தான் புக்கிங் திறந்தார்கள். முதல் 1 மணி நேரத்தில் 1,76,218 பேர்

மீனா: அதில் எத்தனை பேர் தார் ரோட்டை விட்டு இறங்குவார்கள்?

பாண்டி மாமா: தார் ரோட்டில் தார் 😂

செல்வம்: நல்லது தம்பி. நானும் இன்று ஒன்று போட இருந்தேன். தாத்தாவின் பழைய மகிந்திரா 540 ஜீப்புக்கு இந்த மாதத்தோடு ஆர்சி முடிகிறது. இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று எல்லோரும் சொல்லுங்கள்

கதிர்: கொடுத்துவிடலாமே அண்ணே. மூணாறில் ஒருவர் கேட்கிறார். அதுதான் புது ஜீப் வருகிறதே

ராஜேந்திரன் சித்தப்பா: கதிர், முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நீ வாங்குவது ஜீப் இல்லை. 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக இறக்கிப் பூட்டத் தொடங்கிய கம்பெனி மகிந்திரா. அந்த வழியில் வந்ததுதான் நம் 540. 2010இல் தார் என்று பேர் வைத்தபோதுகூடப் பின்னால் பட்டை பட்டையான லீஃப் ஸ்பிரிங்தான். 2020 அக்டோபர் 2இல் புதுத் தார் வந்தது. லீஃப் ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங், பக்கவாட்டு சீட் போய் முன் பார்த்த சீட், தொடுதிரை. சரி, காலம் மாறுகிறது என்று நானும் பொறுத்துக்கொண்டேன். இப்போது ராக்ஸ். ஐந்து கதவு, கூரை முழுக்கக் கண்ணாடி. மூன்று கதவுக்கு முன், பின் சக்கர இடைவெளி 2450 மில்லிமீட்டர், இதற்கு 2850. முகத்தில் ஏழு துளை இருந்தது, இதில் ஆறு. ஜீப்பின் அடையாளத்தில் மிச்சம் அந்த உருண்டை விளக்கு மட்டும்தான்.

பாண்டி மாமா: 👍

மீனா: மாமா, பின்பக்கக் கதவின் கைப்பிடியைச் சொல்லவில்லை. மேலே மூலையில் செங்குத்தாக வைத்திருக்கிறார்கள். அம்மா தேடிக்கொண்டே நிற்பாள்

வசந்தா அத்தை: நான் ஏன் தேட வேண்டும், கதிர் இறங்கி வந்து திறந்துவிடுவான்

கதிர்: நீ மூன்று கதவு வைத்திருக்கிறாய், அந்தப் பொறாமை

மீனா: பொறாமையா! என் வண்டியில் பின்னால் ஏற முன் சீட்டை மடக்க வேண்டும். அப்பத்தாவை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். அந்த விஷயத்தில் உன் வண்டி நல்லதுதான். ஆனால் ஆஃப்ரோடு மன்னன் என்று ஸ்டேட்டஸ் வைக்காதே

ராஜேந்திரன் சித்தப்பா: ஏற இறங்க வசதி முக்கியம்தான். அதை நான் மறுக்கவில்லை. உருவாக்கியதும் நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கும் மகிந்திரா ரிசர்ச் வேலி ஆராய்ச்சி மையத்தில்தான். என் வருத்தம் வேறு. வண்டியை எல்லோருக்கும் பிடித்த மாதிரி செய்தால்

ராஜேந்திரன் சித்தப்பா: கை பட்டு அனுப்பிவிட்டது. இருங்கள், டைப் செய்கிறேன்

செல்வம்: சித்தப்பா, 540க்கு என்ன செய்வது?

வசந்தா அத்தை: ஏலக்காய் விலை என்ன செல்வம்?

செல்வம்: பரவாயில்லை அத்தை. மழை விட்டால் அடுத்த காய் எடுப்பு தொடங்கும். அதனால்தான் கேட்கிறேன். காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து மேல் காட்டுக்குக் காலையில் ஆள் ஏற்ற அந்த ஜீப்தான். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், முன்னால் இரண்டு. மதியம் அதிலேயே பச்சைக்காய் மூட்டை. ராக்ஸில் ஐந்து பேர்

கதிர்: டிக்கியில் மூட்டை போடலாமே

மீனா: வெள்ளை சீட்டில் காய்க்கறைக் கையோடு யார் உட்கார்வது

கதிர்: வெள்ளை மற்ற மாடலுக்கு. எல்லோரும் கத்தியதும் ஃபோர் வீலுக்கு பிரவுனும் கொடுத்துவிட்டார்கள்

செல்வம்: காய்க்கறைக்கு பிரவுனும் தாங்காது தம்பி. ரோஸ் அக்கா கையைப் பார்த்திருக்கிறாய்தானே. எடுப்பு முடிந்து ஒரு வாரம் போனாலும் விரல் இடுக்கில் கறுப்பு போகாது. 540இல் பைப் போட்டு அடித்தால் தண்ணீர் பின்பக்கமாக ஓடிவிடும். அதில் மெத்தையே இல்லை

பாண்டி மாமா: போடிமெட்டு 17 வளைவிலும் புது வண்டி திரும்புமா?

கதிர்: தாராளமாக மாமா. லாரி, பஸ்ஸே போகிறது

செல்வம்: மெட்டு ரோடு பிரச்சினை இல்லை மாமா. ஸ்டோருக்குப் பின்னால் பாறை இருக்கிறதே, அங்கே 540ஐயே ஒரு ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்புகிறோம்

கதிர்: மண்ணில் திருப்ப ஒரு பட்டன் இருக்கிறது அண்ணே. உள்பக்கப் பின்சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு வண்டி குறுகித் திரும்பும்

செல்வம்: பாறையைப் பெயர்க்க பட்டன் இருந்தால் சொல்லு

மீனா: 🔥🔥

ராஜேந்திரன் சித்தப்பா: நான் சொல்ல வந்தது: எல்லோருக்கும் பிடித்த மாதிரி செய்தால் உழைக்கிறவனுக்கு வண்டி இல்லாமல் போகும். செல்வம் சொன்னதும் அதுதான். ஃபோர் வீல் 18.79 லட்சத்தில் தொடங்கி 22.49 வரை போகிறது, அதுவும் ஷோரூம் விலை. அந்தக் காசைப் போட்டவன் மேல் காட்டுக்கு மூட்டை ஏற்றுவானா? பெயிண்டில் கொப்பு உரசினாலே மனசு கேட்காது. இனி 540 பேர் மாற்றம். உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். செல்வம் பேருக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஆர்சி புதுப்பிக்கலாம். வசந்தா, நீயும் போட வேண்டும்.

வசந்தா அத்தை: ஓ

வசந்தா அத்தை: தோட்டம் பிரித்தபோது யாரும் என் கையெழுத்தைத் தேடவில்லை. ஜீப்புக்குத் தேடுகிறீர்களா

பாண்டி மாமா: வசந்தா

வசந்தா அத்தை: என்ன வசந்தா. கேட்கக் கூடாதா?

ராஜேந்திரன் சித்தப்பா: அது வேறு, இது வேறு. அண்ணன் இருந்தபோதே பேசி முடித்த விஷயம்.

வசந்தா அத்தை: யாரிடம் பேசினீர்கள்

(ராஜேந்திரன் சித்தப்பா இந்தச் செய்தியை நீக்கினார்)

கதிர்: அத்தை, ராக்ஸில் முதல் ரவுண்டு உங்களுக்குத்தான்

மீனா: நீ சும்மா இரு

செல்வம்: அத்தை, நான் ஞாயிற்றுக்கிழமை கீழே வருகிறேன். வீட்டுக்கே வந்து பேசுகிறேன்

வசந்தா அத்தை: வா. சாப்பிட்டுப் போகிற மாதிரி வா. ஃபார்மை மட்டும் தூக்கிக்கொண்டு வராதே

செல்வம்: சரி அத்தை

கதிர்: அப்போது மூணாறுக்காரரிடம் என்ன சொல்ல?

செல்வம்: இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே

மீனா: மச்சான், விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். அந்த விலை நான் தருகிறேன்

கதிர்: உனக்கு எதற்கு இரண்டு ஜீப்?

மீனா: நீயே ஒப்புக்கொண்டாய், என்னுடையது ஜீப் என்று. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு

பாண்டி மாமா: 11ஆம் தேதி ஆயுத பூஜை. மாலைக்கு இன்றே சொன்னால்தான் கிடைக்கும். எத்தனை வண்டி?

கதிர்: டெலிவரி விஜயதசமியிலிருந்து என்கிறார்கள். எனக்கு எப்போது என்று தெரியவில்லை. ஒரு மாலை சேர்த்துச் சொல்லிவையுங்கள் மாமா

ராஜேந்திரன் சித்தப்பா: வராத வண்டிக்கு மாலையா?

செல்வம்: 540க்கு ஒன்று, ஸ்டோர் மோட்டாருக்கு ஒன்று, கவாத்துக் கத்திகளுக்குச் சின்னது. பொரி நான் வாங்கிவிடுகிறேன், கடலையை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்

பாண்டி மாமா: மீனா வண்டிக்கு?

மீனா: 👍