முதல் ரத்தம் யாருடையது?

தாராவியில் இருந்து:

90 அடி சாலைப் பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் நாங்குநேரி. அம்மாவுக்கு 41 வயதில் மார்பில் கட்டி வந்தது, 44-ல் போய்விட்டாள். அப்போது மரபணு என்கிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. போன வருடம் அம்மாவின் தங்கை, அன்டாப் ஹில்லில் இருக்கிற சித்திக்கு வயிறு உப்பிக்கொண்டே போனது. இரண்டு மாதம் வாயுத் தொல்லைக்கு மாத்திரை தின்று, கடைசியில் ஸ்கேன் எடுத்தால் சினைப்பைப் புற்றுநோய்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. அம்மா, சித்தி, அடுத்து நானா தங்கச்சியா என்று மனசு அதையே சுற்றியது. ஒரு தனியார் லேப் ஆள் போனில், மரபணுச் சோதனைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம், 18,000 ரூபாய், ரிசல்ட் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். கடன் வாங்கியாவது கொடுத்துவிடுவது என்று இருந்தேன். அந்த வாரம் சித்தியைக் கீமோவுக்குப் பரேல் டாடா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது ஜெனடிக் கவுன்சலரை, அதாவது பரம்பரையாக வரும் நோய் பற்றி ஆலோசனை சொல்கிறவரை, பார்க்கச் சொன்னார்கள். அவர்தான் என்னைத் தடுத்தார். முதலில் நீங்கள் வேண்டாம், சித்தி கொடுக்கட்டும் என்றார்.

அவர் இந்தியில் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எனக்கு எடுத்து 'இல்லை' என்று வந்தால், அம்மாவிடம் இருந்த மரபணுப் பிழை எனக்கு வரவில்லை என்று அர்த்தமா, இல்லை, அம்மாவின் நோய்க்குக் காரணமே இந்தச் சோதனைக்குச் சிக்காத வேறு ஏதாவதா என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் வந்தவரிடம் பிழை எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் பல மடங்கு குறைவு. அம்மா இல்லை. நோயோடு உயிரோடு இருக்கிற ஒரே ஆள் சித்திதான்.

அப்புறம் ஒரு தாளை எடுத்துக் குடும்பத்தை வரைந்தார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்கள் மேல் சாய்வாக ஒரு கோடு. சித்தி தாய்மாமன் மகனைக் கட்டியவள், அதற்கு இரட்டைக் கோடு. ஆச்சி எப்படி இறந்தாள் என்று கேட்டார். வயிற்றில் நீர் கோத்து என்று சித்தி சொன்னதும் பேனா அப்படியே நின்றது, அதுவும் சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாமாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அம்மாவின் வட்டத்தை அவர் கறுப்படித்து முடிக்கிற வரை என்னால் அந்தத் தாளைப் பார்க்க முடியவில்லை.

சித்தியின் சோதனைப் பணத்தை ஒரு அறக்கட்டளை முழுதாகக் கொடுத்தது. சமூகப் பணியாளர் அம்மாதான் கேசரி (ஆரஞ்சு நிற) ரேஷன் அட்டை, வருமானச் சான்று எல்லாம் வாங்கி எழுதி அனுப்பினார், அவருக்குக் கோயில் கட்டலாம். ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், ஐந்து வாரம் காத்திருப்பு. பிஆர்சிஏ1 என்கிற மரபணுவில் பிழை என்று வந்தது. அதனால் சித்திக்கும் நல்லதுதான் நடந்தது, கீமோ முடிந்ததும் ஓலாபரிப் மாத்திரை தொடங்கினார்கள், அந்த மருந்து இந்தப் பிழை உள்ளவர்களிடம்தான் நன்றாக வேலை செய்யுமாம்.

இப்போது என் மனக்குறை. அறக்கட்டளை விதிப்படி சிகிச்சையில் இருப்பவருக்கு மட்டும்தான் உதவி. எங்களுக்குத் தலைக்கு 3,500 ரூபாய் ஆகும், அதற்கு வழி இல்லை. பெரிய தொகையைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடித்துவிட்டு, அதனால் காப்பாற்றக்கூடிய பெண்களுக்கு வரும்போது கையை மடக்கிக்கொள்வது எனக்குப் புரியவே இல்லை. நோய் வந்த பிறகு அதே பெண் அதே வாசலில் பல லட்சத்துக்கு நிற்பாளே! பணம் கொடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள்.

கடன் வாங்கி நானும் தங்கச்சியும் ரத்தம் கொடுத்தோம். பெற்றவரிடம் பிழை இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு வந்திருக்கிறது, தங்கச்சிக்கு இல்லை. அவள்தான் என் மடியில் விழுந்து அழுதாள். எனக்கு 34. பிஆர்சிஏ1 பிழை உள்ள 100 பெண்களில் 80 வயதுக்குள் 70 பேர் வரைக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம், 40 பேருக்கு மேல் சினைப்பையில். மார்புக்கு வருடா வருடம் எம்ஆர்ஐ உண்டு. சினைப்பைக்கு அப்படி முன்கூட்டியே நம்பிப் பார்க்க ஸ்கேன் இல்லை, அதனால் குழந்தைகள் போதும் என்றால் 35-க்கும் 40-க்கும் இடையில் எடுத்துவிடச் சொல்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எடுத்துவிடப் போகிறேன்.

ஊரில் இருக்கிற அம்மாவின் கூடப்பிறந்த மாமாதான் சோதனைக்குப் பிடிகொடுக்கவில்லை. கல்யாணமாகாத பிள்ளை வீட்டில் இருக்கு, இதை வெளியே பேசாதே என்று போனை வைத்துவிட்டார்.

செம்பூரில் இருந்து:

தங்கச்சி, உங்கள் மாமா விஷயத்துக்காகவே எழுதுகிறேன். ஆம்பளைக்கு என்ன வரப்போகிறது என்று நானும் இருந்தவன்தான். என் இரண்டு அத்தைகளுக்கும் மார்பகப் புற்றுநோய். என் மகளிடம் டாக்டர்கள் அம்மாவுக்கு உண்டா, அம்மாவின் அம்மாவுக்கு உண்டா என்று மட்டும்தான் கேட்டார்கள், அப்பா வழியை யாரும் கேட்கவில்லை, அவளும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரிய அத்தைக்கு எடுத்ததில் பிஆர்சிஏ2 என்கிற இன்னொரு மரபணுவில் பிழை, பிறகு எனக்கும் இருந்தது, என் வழியாக மகளுக்கும். அப்பாவிடமிருந்தும் இது அதே பாதிக்குப் பாதிதான் வரும். ஆண்களுக்கும் மார்பகத்தில் வரலாம், புராஸ்டேட் சுரப்பியில் வரும் ஆபத்தும் கூடுதல், அதனால் நான் இப்போது அதற்கான பிஎஸ்ஏ ரத்தச் சோதனை பார்த்துக்கொண்டு வருகிறேன். உங்கள் மாமாவிடம் பொம்பளைப் பிள்ளை பேச்சை எடுக்காதீர்கள், அண்ணாச்சி, உங்கள் உடம்புக்காகப் பாருங்கள் என்று தொடங்குங்கள்.

முலுண்டில் இருந்து:

இலவசம் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு முகாமில் இந்த மரபணுச் சோதனையைச் சும்மா எடுத்தார்கள், ரிப்போர்ட் மட்டும் போனுக்கு வந்தது, பேச ஆள் இல்லை. அதில் மரபணுவில் மாற்றம் இருக்கிறது, பொருள் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. நான் அதை நோய் என்றே எடுத்துக்கொண்டு நாலு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பார்த்த கவுன்சலர், இதை வைத்து எந்த ஆபரேஷனும் செய்யக் கூடாது, இப்படிப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கில்லாதவை என்றுதான் தெரியவருகின்றன என்றார். அந்த அரைமணிப் பேச்சுக்கும் சேர்த்து யாராவது பணம் கொடுத்திருக்கலாம்.

மறுபடி தாராவி:

செம்பூர் அண்ணன் சொன்ன மாதிரியே பேசிப் பார்த்தேன், மாமா இன்னும் மசியவில்லை. ஆனால் அவர் மகள் நேற்று ராத்திரி மொட்டை மாடியில் நின்றுகொண்டு ரகசியமாகக் கூப்பிட்டாள். 26 வயது. அப்பா கொடுக்காவிட்டாலும் பிழை இருக்கிற இடம் தெரிந்துவிட்டதால் நீ நேரடியாகவே கொடுக்கலாம் என்று கவுன்சலர் சொன்னதைச் சொன்னேன். சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த வாரம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிறாள். 3,500-ஐத் தனியாகக் கவரில் போட்டு வைத்துவிட்டேன்.