60 வாட் குண்டு பல்பு மல்டிமீட்டரில் 65 ஓம் காட்டுகிறது, கணக்குப் போட்டால் 800 வாட் வருகிறதே?

ஐடிஐ_பையன்:
புதிதாக ஒரு மல்டிமீட்டர் வாங்கி வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறேன் (பிளக்கை உருவிய பிறகுதான், திட்ட வராதீர்கள்). 1500 வாட் ஹீட்டர் ராடு 35 ஓம் காட்டியது. 230-ஐ 35-ஆல் வகுத்தால் 6.6 ஆம்ப், அதை மறுபடி 230-ஆல் பெருக்கினால் 1500 வாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சரி, ஓம் விதி வேலை செய்கிறது என்று சந்தோஷமாக 60 வாட் குண்டு பல்பை எடுத்தால் 65 ஓம்! அதே கணக்குப்படி 3.5 ஆம்ப், 800 வாட்டுக்கு மேல். பல்பு பொய்யா, மீட்டர் பொய்யா?

இன்னொன்று. எங்கள் ஊரில் சாயங்காலமானால் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடும். தெருவில் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணன், "லோ வோல்டேஜில் எல்லாமே ஆம்ப் அதிகமாக இழுக்கும், அப்போது ஹீட்டர் போடாதே, கரண்ட் பில் எகிறிவிடும்" என்கிறார். வோல்ட் குறைந்தால் ஆம்பும் குறையத்தானே வேண்டும்?

ஒயர்மேன்:
தம்பி, இரண்டும் பொய் சொல்லவில்லை. நீங்கள் அளந்தது அணைந்து கிடக்கிற பல்பை. எரியும்போது உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கு மேல் சூடாகிறது, சூடு ஏற ஏற அதன் தடையும் ஏறுகிறது. எரிகிற பல்பில் ஓம் ரேஞ்சை வைத்து அளக்க முடியாது, வைத்தால் மீட்டர்தான் போகும். வோல்ட்டையும் ஆம்பையும் தனித்தனியாக அளந்து வகுத்துத்தான் எடுக்க வேண்டும். 60 வாட் பல்பு 230 வோல்ட்டில் எடுப்பது சுமார் 0.26 ஆம்ப். வகுத்துப் பாருங்கள், 880 ஓமுக்குப் பக்கத்தில் வரும். 65 எங்கே, 880 எங்கே!

நீங்கள் போட்ட 3.5 ஆம்ப் கணக்கும் வீண் இல்லை. சுவிட்ச் போட்ட அந்தக் கணம், இழை சூடாவதற்குள், ஏறக்குறைய அவ்வளவு பாயத்தான் செய்யும். பழைய குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பட்டென்று போவது இதனால்தான். ஹீட்டரில் இருப்பது நைக்ரோம் கம்பி, சூட்டில் அதன் தடை சில சதவீதம்தான் மாறும், அதனால் அங்கே கணக்கு ஒத்துவந்தது.

போர்செட்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஹீட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. 180-ஐ 35-ஆல் வகுத்தால் 5.1 ஆம்ப், வாட் 925 சொச்சம். வோல்ட் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஆனால் வாட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, ஏனென்றால் வோல்ட் குறையும்போது ஆம்பும் கூடவே குறைகிறது, வாட் என்பது இரண்டின் பெருக்கல்.

அதற்காக பில் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற சுமார் அரை யூனிட் வேண்டும், எந்த வோல்டேஜில் போட்டாலும் அதேதான். 230-இல் 21 நிமிடம், 180-இல் 34 நிமிடம். அதிக நேரம் ஆவதால் நடுவில் ஆறிப்போகிற சூட்டுக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த அண்ணனை முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். மோட்டாருக்கு அவர் சொல்வது உண்மை. பம்ப் தூக்க வேண்டிய தண்ணீர் வோல்டேஜைப் பார்த்துக் குறையாது, அந்த வேலையை முடிக்க மோட்டார் ஆம்பைக் கூட்டி இழுக்கும். 7 ஆம்ப் எடுத்தது 9 எடுத்தால், காயிலில் ஏறும் சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல், ஏனென்றால் சூடு ஆம்பின் வர்க்கத்தில் ஏறும். சாயங்கால லோ வோல்டேஜில் காயில் கருகி ரீவைண்டிங்குக்குப் போகிற மோட்டார்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகின்றன.

ஐடிஐ_பையன்:
நன்றி அண்ணா. மோட்டாரையும் அளந்தேன், காயில் 4 ஓம் காட்டுகிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 13,000 வாட்! 1 எச்பி என்றால் 746 வாட் தானே?

போர்செட்:
அந்தக் கணக்கு மோட்டாருக்குச் செல்லாது. ஏசி மின்சாரத்தில் செம்புக் கம்பியின் தடையோடு காயிலின் காந்தப்புலமும் சேர்ந்து தடுக்கும், சுற்றும்போது ரோட்டார் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) எதிர் வோல்டேஜ் வேறு கொடுக்கும். அந்த 4 ஓம் காயில் அறுந்திருக்கிறதா, ஷார்ட்டா என்று பார்க்கத்தான். மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினாலும் நேராக வாட் வராது, பவர் ஃபேக்டர் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையில் வாட்டாகிறது என்ற எண்) 0.8 என்றால் அதாலும் பெருக்க வேண்டும். 746 என்பது தண்டில் கிடைப்பது, கம்பியில் இழுப்பது அதைவிட அதிகம்.

ஒயர்மேன்:
ஆம்ப் அளக்கக் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், ஒயரை வெட்டாமல் இடுக்கி மாதிரி வாயால் சுற்றிக் கவ்வி அளப்பது அது. ஒரு ஒயரை மட்டும் பிரித்து வாய்க்குள் விட வேண்டும், கேபிளை மொத்தமாகக் கவ்வினால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியம் காட்டும். மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்ப் துளையில் செருகி இரண்டு முனையையும் நேராகப் பிளக் பாயிண்ட்டில் வைக்கவே வைக்காதீர்கள், அது நேரடி ஷார்ட்.

ஐடிஐ_பையன்:
இப்போதுதான் தோன்றுகிறது, 6.6 ஆம்ப் எடுக்கிற ராடை நாங்கள் சின்ன பிளக் பாயிண்ட்டில் அல்லவா போடுகிறோம்? சாயங்காலம் ஒன்றும் ஆகவில்லை, காலையில் மட்டும் பின் சுடுகிறது.

ஒயர்மேன்:
சாயங்காலம் 5.1 ஆம்ப் என்று மேலேயே கணக்கு வந்துவிட்டதே, அதனால் தப்பித்தது. காலையில் 240 வந்தால் 6.9 ஆம்ப், 1600 வாட்டுக்கு மேல். சின்ன பாயிண்ட்டின் அளவே 6 ஆம்ப்தான். பெரிய மூன்று பின் டாப் (பிளக்) போட்டு 16 ஆம்ப் பாயிண்ட்டுக்கு மாற்றுங்கள், அந்தப் பாயிண்ட்டுக்கு உள்ளே போகிற ஒயர் 2.5 ஸ்கொயரா (2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனா) என்று முதலில் கழற்றிப் பாருங்கள், மெயினை நிறுத்திவிட்டு.