அரசுப் பள்ளி வகுப்பறைத் திறப்பு: ஹோமமா, ஜெபமா, இரண்டும் வேண்டாமா?

கல்குளத்துக்காரி:

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். இங்குள்ள அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் இருக்கிறேன், மகள் நான்காம் வகுப்பு. புதிதாக இரண்டு வகுப்பறை கட்டி முடித்தாகிவிட்டது, பெயிண்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை. அடுத்த மாதம் திறப்பு. போன வாரக் கூட்டத்தில் கான்ட்ராக்டர், கணபதி ஹோமம் செய்து பால் காய்ச்சிய பிறகுதான் சாவி தருவேன், செலவு என்னுடையது என்றார். உடனே இன்னொரு பக்கத்திலிருந்து, பிள்ளைகளில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், அப்படியானால் பங்குத்தந்தையைக் கூப்பிட்டு மந்திரிக்கவும் வேண்டும் என்று குரல். எதற்கு வம்பு, மூன்று மதத்துக்காரரையும் மேடையில் ஏற்றிவிடலாம் என்றார் ஒருவர். எச்.எம். வாயே திறக்கவில்லை.

நான் சாமி கும்பிடுகிறவள்தான். மண்டைக்காட்டம்மன் கோயிலுக்கு வருஷம் தவறாமல் போய்ப் பொங்கலிடுகிறேன். ஆனாலும் பள்ளியில் இது வேண்டாம் என்று தோன்றுகிறது. மூன்று வருஷத்துக்கு முன் சத்துணவுக் கூடம் திறந்த அன்று பார்த்ததுதான் காரணம். தேங்காய் உடைத்து, வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பெந்தெகோஸ்தே குடும்பத்துப் பெண் பிள்ளை ஒன்று, ஆறு வயசு இருக்கும், இலையைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. படைத்ததைத் தின்னக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். பொங்கல் சூடு, நெய் இலை மடிப்பிலிருந்து முழங்கை வரை வடிகிறது, பிள்ளை கீழே போடவும் இல்லை, வாயில் வைக்கவும் இல்லை. ஏன் தின்னமாட்டேங்கிற என்று ஒருவர் எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

சட்டப்படி எது சரி? அப்புறம், ஊரில் மனஸ்தாபம் வராமல் இதை எப்படிப் பேசுவது?

தோவாளை வாத்தியார்:

அம்மா, நான் 31 வருஷம் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்தவன், ஒரு திருச்சபை நடத்தும் பள்ளி அது. அரசமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது என்கிறது. அதிலேயே மூன்றாவது உட்பிரிவைப் பாருங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளி எதுவானாலும், அங்கே நடக்கும் வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாது, சிறு பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். நெய் வடிந்த கையோடு நின்ற அந்தப் பிள்ளைக்காக எழுதியது போலவே இருக்கும். நம் மாவட்டத்தில் இதை எத்தனை பள்ளி கடைப்பிடிக்கிறது? எங்கள் பள்ளியில் காலை ஜெபத்துக்கு மணியடித்தால் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கண்ணை மூடி நிற்பார்கள், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நான் சொன்னது நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. நானும் கிறிஸ்தவன்தான், அதனால்தான் சொன்னேன்.

1985-ல் கோட்டயம் பக்கம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே இந்த நிலை என்றால் பொங்கலுக்கு எந்த நிர்ப்பந்தமும் கிடையாது.

ஆனால் ஒன்று, வழக்குப் போட்டால் பூஜையே நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். உயர் நீதிமன்றக் கட்டட பூமி பூஜையை எதிர்த்து குஜராத்தில் ஒருவர் போட்ட வழக்கு 2011-ல் தள்ளுபடியாகி அபராதமும் விழுந்தது. அதே நேரம், 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதி அபய் ஓகா ஒரு நீதிமன்றக் கட்டட அடிக்கல் விழாவிலேயே, இதுபோன்ற இடங்களில் பூஜையை விட்டுவிட்டு அரசமைப்புச் சட்ட முகவுரையை வணங்கலாம் என்று பேசினார். தீர்ப்பு அல்ல, அவர் கருத்து. குழுவில் எடுத்துச் சொல்ல உதவும்.

அருமனை ரப்பர்:

இதை இவ்வளவு பெரிசாக்க வேண்டாம். விளக்கேற்றுவது, பால் காய்ச்சுவதெல்லாம் இந்த மண்ணின் பழக்கம், மதம் என்று பிரிக்க முடியாது. கட்டினவன் மனத்திருப்திக்காகச் செய்கிறான். அரசும் மதமும் தனித்தனி என்று பேசுகிறவர்கள், அரசு ஏன் கோயிலை மட்டும் கையில் வைத்திருக்கிறது என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

நிழல்தாங்கல் அன்பன்:

அண்ணாச்சி, கேள்வி நியாயமானது, பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1811-ல் திருவிதாங்கூர் திவானான கர்னல் மன்றோ கோயில்களையும் கோயில் நிலங்களையும் அரசின் கைக்குள் கொண்டுவந்தார். நிலத்து வருமானம் கஜானாவுக்குப் போனது, அதனால் கோயிலை நடத்தும் கடமையும் அரசுக்கு வந்தது. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அந்தக் கடமையும் கூடவே வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 290ஏ பிரிவில், இங்குள்ள கோயில்களுக்காகத் தமிழ்நாடு வருஷம் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தொகையோடு எழுதியிருக்கிறது. எடுத்த சொத்துக்கான பழைய கணக்கு அது. கோயில் நிர்வாகம் பக்தர்கள் கைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன், அது தனியாகப் பேச வேண்டியது. ஆனால் அதைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூடத்தில் ஹோமம் வளர்க்க முடியாது.

அரசும் சாமியும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று நம்மைவிடத் தெரிந்தவர் யார்? பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாசனாக ஆண்டார். ராஜா சொல்வது சாமி சொல்வது போல ஆனது. இரண்டே வருஷத்தில், கிறிஸ்தவரான தேவசகாயத்தை ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொன்றார்கள். சாதி ஆச்சாரம் சட்டமாக இருந்ததால் எங்கள் பெண்கள் மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்தது. 1859-ல் அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை. எங்கள் அய்யாவழியைத் தொடங்கிய ஐயா வைகுண்டரைப் பிடித்துக்கொண்டுபோய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க 1926-ல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் இருக்க வேண்டி வந்தது, உள்ளே போக 1936 வரை காத்திருந்தோம்.

அப்புறம், அந்த மும்மதப் பிரார்த்தனை. ஒரு குருக்கள், ஒரு பங்குத்தந்தை, ஒரு இமாம். அய்யாவழிக்காரர்களான எங்களை யார் கூப்பிடுவார்கள்? தலைப்பாகை கட்டி, கண்ணாடி முன் நின்று கும்பிடுகிற எங்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். எத்தனை பேரை மேடையில் ஏற்றினாலும் யாரோ ஒருவர் கீழே நிற்பார்.

குழித்துறை சபைக்காரன்:

அந்தப் பிள்ளை எங்கள் சபைப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அக்கா, நீங்கள் அன்று பேசாமல் இருந்ததை இத்தனை வருஷம் சுமக்கிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மதத்தையும் அரசையும் பிரிக்கச் சொல்வது நாத்திகர் வேலை என்று எங்கள் ஆட்களே நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் அப்போது அரசின் ஆதரவு ஒரே ஒரு சபைக்குத்தான். மற்ற சபைக்காரர்கள் நான் வேறு சபை என்று சான்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தச் சபைக்கான வரியிலிருந்து விலக்கு. அங்கே டான்பரி என்ற ஊரில் இருந்த பாப்டிஸ்டுகள் அதிபர் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். 1802 ஜனவரி 1-ல் அவர் எழுதிய பதிலில் சபைக்கும் அரசுக்கும் நடுவே மதில் என்ற பேச்சு வந்தது. கேட்டவர்கள் தினமும் முழங்காலில் நின்று ஜெபித்தவர்கள். தங்கள் ஜெபத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்றுதான் கேட்டார்கள்.

எனவே கூட்டத்தில் ஹோமம் கூடாது என்று நீங்கள் சொல்லும்போது, ஜெபம் கூடாது என்று நாங்கள் சொல்ல வேண்டும். அவரவர் பக்கத்தை அவரவர் அடக்கினால் சண்டை வராது. உங்கள் ஊரில் எங்கள் சபை ஆட்கள் இருந்தால் நான் பேசுகிறேன்.

கல்குளத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்ன 28-வது பிரிவைத் தாளில் எழுதிக்கொண்டு எச்.எம்.மைத் தனியாகப் பார்த்தேன். அவருக்கும் மனசுக்குள் இதே எண்ணம்தான், எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கத்தான் ஆளாக்கிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். நேற்று கான்ட்ராக்டர் வீட்டுக்கும் போனேன். முதல் நாள் குமாரகோவிலில் உங்கள் பெயரில் அர்ச்சனை செய்யுங்கள், நானும் வருகிறேன், பள்ளியில் வேண்டாம் என்றேன். அரை மணி நேரம் பிடிகொடுக்கவில்லை. கடைசியில், அப்படியானால் மற்றவர்களும் ஜெபம் வைக்கக் கூடாது, அதை உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அதனால் சபைக்கார தம்பி, நீங்கள் பேசுவது அவசியம், ஊர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பங்குத்தந்தையிடம் நாளை போகிறோம்.

அருமனை அண்ணாச்சி, பால் காய்ச்சுவதை விடவில்லை. சத்துணவு அக்கா அடுப்பில் பாயசமே வைக்கிறார், எங்கேயும் படைக்காமல் நேராகப் பிள்ளைகளுக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் முகவுரையை ஒரு பிள்ளை வாசிக்கலாம் என்று எச்.எம். சொல்கிறார். நான்காம் வகுப்புப் பிள்ளை மூச்சு முட்டாமல் வாசிக்கிற மாதிரி வரி பிரித்து, பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்தது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.