ஒன்பதாம் வகுப்பில் கணக்கு என்றாலே ஒதுங்கும் மாணவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

கேள்வி: அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை
வணக்கம். என் ஒன்பதாம் வகுப்பில் கடைசி இரண்டு வரிசை மாணவர்கள் கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பார்த்தெழுதுகிறார்கள். தாமாக ஒரு கணக்கைப் போடச் சொன்னால் பேனாவை மூடிவிடுகிறார்கள். மாதத் தேர்வில் முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு அறிவித்தேன். எப்போதும் முன்னணியில் இருப்பவர்களே அதையும் பெறுகிறார்கள். மற்றவர்களுக்கு ஆர்வம் வர என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்
அம்மா, ஆர்வமின்மை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அடிப்படை புரியாத பிள்ளை நாலு பேர் முன்னால் தன் மானத்தைக் காத்துக்கொள்ளும் முயற்சியே என்பது என் உறுதியான கருத்து. 1/2 + 1/3 என்பதற்கு 2/5 என்று எழுதும் மாணவனிடம் பல்லுறுப்புக் கோவையைக் கொடுத்தால் அவன் வேறென்ன செய்வான்? பாடவேளையின் முதல் பத்து நிமிடங்களை ஆறாம் வகுப்பு நிலையிலுள்ள கணக்குகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு தாளை ஆறு சம பாகமாக மடித்து, பாதிக்கு மூன்று பாகமும் மூன்றில் ஒன்றுக்கு இரண்டு பாகமும் அவர்களையே வண்ணமிடச் சொன்னால், 5/6 என்ற விடையைத் தாமே கண்டுகொள்வார்கள். இதை வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். பின்வரிசைக்கு மட்டும் என்றால் அதுவே முத்திரையாகிவிடும்.

பதில்: கல்வி உளவியல் ஆய்வு மாணவர்
பரிசு குறித்து மட்டும் சொல்கிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மூவர், வரைவதில் ஏற்கெனவே விருப்பம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தனர். வரைந்தால் விருது உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் விருது இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். ஆகவே உங்கள் பரிசு பின்வரிசையை எட்டவில்லை என்பதோடு, கணக்கை விரும்பிச் செய்யும் முன்வரிசைப் பிள்ளைகளின் விருப்பத்தையும் அது குறைக்கக்கூடும் என்பதே என் கவலை.

பதில்: உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்
ஐயா சொன்ன பத்து நிமிடம் நல்ல யோசனைதான். ஆனால் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில் அது அன்றாடம் இயலாது. வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று நினைக்கிறேன். மற்ற நாட்களில் நோட்டுத் திருத்தும் முறையை மாற்றலாம். விடை தவறென்றால் முழுக் கணக்கையும் சிவப்பு மையால் அடித்துவிடாமல், எந்த வரி வரை சரியாக வந்திருக்கிறதோ அந்த வரியின் ஓரத்தில் குறியிட்டு, அங்கிருந்து மட்டும் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். நான்கு வரிகள் சரி என்று ஆசிரியரின் கையெழுத்திலேயே பார்க்கும் மாணவன், ஐந்தாவது வரியை எழுதிப் பார்க்கத் துணிகிறான்.